நிறுத்தச் சொல்லும் சைகை

காது கேளாதோர் பள்ளியில் பிள்ளைகள் குதிக்க ஆரம்பித்தால், பக்கத்துச் செராமிக் யூனிட்டில் பிள்ளையார்கள் விழ ஆரம்பிப்பார்கள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சை மண் பொம்மைகள். காயும்வரை அலுங்கக் கூடாது. பள்ளிக்கும் யூனிட்டுக்கும் நடுவே ஒரே சுவர்; பொம்மை காயவைக்கும் ராக்குகள் அதை ஒட்டித்தான். சத்தம் தெரியாத பிள்ளைகள் குதிப்பதில் கஞ்சத்தனம் பார்க்குமா? அன்றைக்கும் தும்பிக்கை போன பிள்ளையார்களை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு முதலாளி கோவிந்தசாமி கத்தினார்.

“மகேசு, வா எங்கூட. ஒனக்குத்தான் அவங்க கை பாஷை தெரியுமே. இன்னையோட இந்தக் கூத்த நிறுத்துறோம்.”

பொம்மையில் அச்சு விட்ட கோட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த மகேஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் மகள் தமிழினி அங்கேதான் படிக்கிறாள். புதிதாக வந்த பி.டி. வாத்தியார் பிரேம்நாத் (அவருக்கும் காது கேட்காது) இந்தக் குதிப்பு வகுப்பை ஆரம்பிக்கும்வரை அந்தப் பெண் ராத்திரியெல்லாம் தூங்காமல் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்ளும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். யார்மேல் என்றே தெரியாத கோபம் வேறு. இப்போது அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறது. சிரிக்கக்கூடச் செய்கிறது. இதைப் போய் நிறுத்துவதாம்! அப்பனே பழமலைநாதா, வேலையும் போகக் கூடாது, வகுப்பும் போகக் கூடாது.

தலைமையாசிரியை கடலூருக்கு மீட்டிங் போயிருந்தார். கூடத்தில் வாத்தியார் முன்னால் நின்று குதிக்க, பிள்ளைகள் வரிசையாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கோவிந்தசாமி வாசலில் நின்று டிராஃபிக் போலீஸ் மாதிரி உள்ளங்கையைக் காட்டினார். பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழி அவர் வாய்வரை வந்து, மகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பியது.

“நிறுத்துன்னு எப்பிடிக் காட்டணும்? நானே சொல்லிக்கிறேன்.”

மகேஸ்வரி மகளைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் மடக்கி, ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டிக் காட்டினாள். ‘இன்னும் வேகமாக’ என்பதற்கு அந்த வகுப்பில் அதுதான் சைகை.

கோவிந்தசாமி கண்ணையும் உருட்டிக் கையையும் உருட்டினார். பிள்ளைகளுக்கு ஏக குஷி. கூடம் அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்னவோ உடைந்தது. அவர் இன்னும் கோபமாக உருட்டினார்; அவர்கள் இன்னும் வேகமாகக் குதித்தார்கள். கோபத்தில் அவருடைய காலும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. பிரேம்நாத் மரியாதையாக நகர்ந்து, முன்வரிசையில் அவருக்கு இடம் விட்டார்.

கடைசியில் முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“ஏம்மா... நீ காட்டுனது... நிறுத்துதானா?”

“இல்லீங்க. என் கை அதக் காட்டாதுங்க. என் பொண்ணு இப்பதாங்க தூங்குது. வேணும்னா என்னை வேலைய வுட்டு நிறுத்திக்குங்க.”

சொல்லிவிட்டு அழுதாள். திட்டுவதற்காக அவர் வாயைத் திறந்தார். திட்டுகிற அளவுக்கு மூச்சு இல்லை. தமிழினி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்துவிட்டு அவளிடமே கையை ஆட்டிக் கேட்டார்.

“நீ சொல்லு பாப்பா. நிறுத்துன்னு எப்பிடி?”

தமிழினி அவர் உதட்டைப் பார்த்தாள். அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு, கொஞ்சம்கூடச் சிரிக்காமல், இரண்டு கைகளையும் உருட்டினாள். அவளுக்குப் பின்னால் வகுப்பு முழுக்க உருட்டியது.

கோவிந்தசாமி வாசலுக்குப் போய் யூனிட் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“டேய் மாரிமுத்து! ராக்கையெல்லாம் ரோட்டோரச் செவுத்துக்கு மாத்துங்கடா.”