மேற்படி

ஆபீஸ்ல எனக்கு ஒரு பட்டப்பேர் உண்டு. மேற்படி. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு முதுகுக்குப் பின்னாடி சிரிப்பானுங்க. சிரிக்கட்டும், சும்மா வச்ச பேர் இல்ல அது.

காட்டுல ஏழு இடத்துல சருகைக் கையில அள்ளிப் பார்க்கணும். 'ஈரம்' இல்லாட்டி 'காய்ந்தது'ன்னு தினமும் பதிவேட்டுல எழுதணும். வனவர்ங்கிற முறையில அது என் வேலை. 'காய்ந்தது'ன்னு எழுதிட்டா உடனே ஆளுங்க வந்து, தீ தாண்டாம இருக்க, சருகை வழிச்சு மண் தெரியுற மாதிரி கோடு வெட்டுவாங்க. நான் என்ன பண்ணுவேன்? மழைக்காலம் முடியுற மாசம் ஒண்ணாம் தேதி 'ஈரம்'னு எழுதுவேன். அப்புறம் மாசம் பூரா மேற்படி, மேற்படி, மேற்படிதான். இருபது வருஷமா அந்த மாசத்துல சருகு ஈரமாத்தான் கிடந்துச்சு. யார் தினமும் மலை ஏறுறது? முட்டி வேற வலி.

ஆனா மூணு வருஷமா மழை சீக்கிரமே நின்னுடுது, வெயில் முன்னாடியே வந்து உட்கார்ந்துக்குது. என் பதிவேட்டுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரல.

அங்க தீக்காவலா இருந்து, சருகு காஞ்சா எனக்குச் சொல்லவேண்டியவன் என் மச்சினன். வீட்டுக்காரியோட தம்பி. வேலை நேரத்துல 'சார்'ம்பான். ஆபீஸ் கேட்டைத் தாண்டிட்டா 'மாமா'தான். ஒரு நாளும் மாத்திக் கூப்பிட்டதில்ல. நிரந்தர வேலை கிடையாது அவனுக்கு. ரேஞ்சர் வேண்டாம்னா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இந்த வருஷம் அந்த மாசம் எட்டாம் தேதி அவன் போன் பண்ணினான்.

"சார், கால் வச்சா சருகு நொறுங்குது. ஓடையும் வத்திடுச்சு. கோடு வெட்டச் சொல்லுங்க."

"அடேய், சருகு காய இன்னும் ஒரு மாசம் கிடக்குடா. எனக்கே காடு சொல்லித் தர்றியா?"

"ஒரு நடை வந்து பாருங்க சார்."

சரி சரின்னு போனை வச்சேன். அன்னைக்கும் மேற்படின்னுதான் எழுதினேன். அப்ப கை கூசல. இப்ப நினைச்சா உடம்பே கூசுது.

பதினேழாம் தேதி மதியம் தீ புடிச்சுது. கோடு இல்ல, தடுக்க ஒண்ணுமில்ல. மேற்குச் சரிவு மொத்தமும் போச்சு. பச்சைக் கிளையை ஒடிச்சு அடிச்சு அடிச்சே என் மச்சினனுக்கு ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு.

ரேஞ்சர் ரூம்ல விசாரணை. கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு அவன் உட்கார்ந்திருந்தான். கிளார்க் எழுதத் தயாரா இருந்தார்.

"சருகு காஞ்சது உனக்குத் தெரியும்ல? வனவர்கிட்ட ஏன் சொல்லல?" ரேஞ்சர் கேட்டார்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். 'சொன்னான் சார், நான்தான் போகல.' அவ்வளவுதான் நான் சொல்லவேண்டியது. படுபாவி, நான் மேசைக் கண்ணாடிக்குக் கீழ இருந்த பழைய காலண்டரையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவன் என் மேலேர்ந்து கண்ணை எடுத்தான்.

"மறந்துட்டேன் சார்," அப்படின்னான். "சொல்லல."

ரேஞ்சர் என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானா?"

தலையாட்டினேன்.

கிளார்க் நிமிர்ந்தார். குத்தலா ஒண்ணும் கேக்கல அவர், பழக்கதோஷம். "உங்க வாக்குமூலமும் இதேதானே சார்? மேற்படின்னு போட்டுக்கவா?"

"போட்டுக்குங்க," அப்படின்னேன். கையெழுத்தும் போட்டேன். நாளையிலேர்ந்து வரவேண்டாம்னு ரேஞ்சர் அவன்கிட்ட சொன்னப்ப நானும் அந்த ரூம்லதான் இருந்தேன்.

கேட்டுக்கு வெளிய அவன் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தான். பக்கத்துல போய் வண்டியை நிறுத்தினேன்.

"ஏறுடா. வீட்டுல விட்டுடுறேன்."

"பஸ் வந்துடும்."

"டேய், அக்கா கேட்டா..."

"அக்காகிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன்," அப்படின்னான். ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "நீங்க கிளம்புங்க, சார்."