ஜமக்காளம் சாம்பியன் ஆன வரலாறு

பெல்ட்டைப் பிடுங்கப்போகிறார்கள் என்ற செய்தி ஜமக்காளத்துக்கு டயர் கடையில்தான் கிடைத்தது. ஒரு வேனின் பின்சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, டீ வரும்வரை கொஞ்சம் உட்காரலாம் என்று போனைத் திறந்தவர், படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். "வரும் ஞாயிறு ஜமக்காளம் தோற்கிறார். மலை புதிய சாம்பியன். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்லவும்" என்று போட்டிருந்தது. ஆட்சேபமா? ஒரு லாரி நிறைய இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜமக்காளத்திடம் சாம்பியன் பெல்ட் எதுவும் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. வாலிபத்தில் அவர் ஒரு மல்யுத்தக் கம்பெனியில் சம்பளத்துக்குத் தோற்றுக்கொண்டிருந்தார். அந்தத் தொழிலில் யார் ஜெயிப்பது என்பதை ரிங்கில் இறங்குகிறவர்கள் முடிவு செய்வதில்லை. கதைக்காரர் என்று ஒருவர் இருப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்லைக் குத்திக்கொண்டே அவர்தான் சொல்வார். நம்ம ஆளுக்கு அவர் எப்போதும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: படு. எந்த ஆட்டத்துக்குப் போனாலும் இவர் தரையில் விரிந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர்தான் ஜமக்காளம். கம்பெனி வைத்த வீராப்பான பெயர் ஒன்று இருந்தது. அது அவர் மனைவிக்கே மறந்துவிட்டது.

கம்பெனியை இழுத்து மூடி எத்தனையோ காலம் ஆன பிறகு, வேறு வேலை வெட்டி இல்லாத பழைய ரசிகர்கள் சிலர் போனில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். பெயர் 'நடந்திருந்தால்'. ஒரு குறிப்பிட்ட ராத்திரி வரைக்கும் எல்லாம் நடந்தது நடந்தபடியே. அந்த ராத்திரியில் மட்டும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு யார் யாரோடு மோதினார்கள், யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள், பெல்ட் யார் இடுப்பில் என்று வாராவாரம் புது வரலாறு. அந்த ராத்திரி ஜமக்காளமும் அதே கம்பெனியில் இருந்த மலை என்ற வீரரும் சாம்பியன் பட்டத்துக்கு மோதிய ராத்திரி. நிஜத்தில் மலை இவரைத் தூக்கிப் போட்டு மேலே படுத்தார். நடுவர் தரையை மூன்று தடவை அடித்தார். இவரது தோள் தரையை விட்டு எழவில்லை. ஆட்டம் முடிந்தது. குழுவின் வரலாற்றிலோ, நடுவர் இரண்டாவது அடி அடித்ததும் இவர் தோளைத் தூக்கிவிடுகிறார். எண்ணிக்கை நிற்கிறது. அரங்கமே எழுந்து நிற்கிறது. அன்றைக்கு ஜெயித்தவர் இன்றுவரை சாம்பியன்.

டயர் மாற்ற வந்த ஒருவர் அடையாளம் கண்டுபிடித்துச் சொல்லித்தான் இப்படி ஒன்று இருப்பதே ஜமக்காளத்துக்குத் தெரியும். 'சும்மா ஒரு ஆள்' என்ற பெயரில் நைசாக உள்ளே நுழைந்தார். காலையில் எழுந்ததும் தன் ஆட்டத்தைப் படித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். அந்த வாரம் யாரையாவது நொறுக்கியிருந்தால் கடைக்கு நடக்கிற நடையே வேறு. வெட்கம்தான், ஆனால் சந்தோஷமாக இருந்தது. அதில்தான் இப்போது மண்ணைப் போடுகிறான் ஒருத்தன். குழுவின் தலைவன். தன் பெயரை 'தராசு' என்று போட்டுக்கொண்டிருப்பவன்.

"அந்த வேன்காரர் நின்னு நின்னு காலே தேஞ்சுடும்பா" என்று முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

ஜமக்காளம் சக்கரத்தை மாட்டினார். போல்ட்டை இறுக்கிய இறுக்கில் அடுத்த தடவை அதைக் கழற்றப்போகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"மறுபடியும் அந்தக் குழுவா?"

"என்னைத் தோக்கடிக்கப் போறாங்க."

"யாருகிட்ட?"

"உங்க அண்ணன்கிட்டதான். வேற யாரு."

மலை இவளுடைய அண்ணன். கல்யாணம் ஆன அதே வருஷம்தான் அந்த ஆட்டமும் நடந்தது. பெல்ட்டோடு எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டுத் தன் திரைச்சீலைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார் மலை. அதைப் பார்க்க வருகிறவர்கள் ஜன்னல் அளவைச் சொல்லித் தைக்கக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

"ஏங்க, அன்னிக்கு நடந்ததும் கதை, இதுவும் கதை. அதை ஒருத்தர் உக்காந்து எழுதினார், இதை இவங்க எழுதறாங்க. இதுக்குப் போய் சாப்பாட்டை ஆறவிடுவாங்களா?" குரலைத் தணித்துக்கொண்டு, எப்போதும் சொல்லும் ஆறுதலைச் சொன்னாள். "நீங்க என்ன நிஜமாவா தோத்தீங்க? படுன்னாங்க, படுத்தீங்க."

அந்த ஆறுதல்தான் அவருக்கு நெஞ்சில் முள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அன்போடு குத்திக்கொண்டிருக்கிற முள். ஏனென்றால் அன்றைக்கு அவர் படுக்கவில்லை. வழக்கத்துக்கு மாறாக, பெல்ட் உனக்குத்தான் என்று அன்று காலையில் சொன்ன கதைக்காரர், மத்தியானம் மலையின் போஸ்டர் நன்றாக விற்கிறது என்று மாற்றிச் சொன்னார். இவர் சரி என்று தலையாட்டினார். ராத்திரி மலை மேலே விழுந்து, நடுவர் இரண்டு என்று அடித்தபோது, தலையாட்டியவர் நிஜமாகவே இடது தோளைத் தூக்கினார். அந்தத் தொழிலில் அது கூட்டாளியின் பையில் கையை விடுவதற்குச் சமம். தெரிந்தேதான் தூக்கினார். இரண்டு விரல் உயரம் எழுந்தது. அதை உணர்ந்த மலை, நெஞ்சால் அமுக்கினார். நடிப்பில்லாத அமுக்கு. தோள் தரைக்குப் போனது. மலையின் உடம்புக்குக் கீழே நடந்ததால் நடுவர்கூடப் பார்க்கவில்லை. ஜமக்காளத்தின் வாழ்க்கையிலேயே நிஜமாக நடந்த ஒரே போட்டி அதுதான், அதிலும் தோற்றார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, மலையும் பேசவில்லை. மச்சான், மாப்பிள்ளை என்று பண்டிகையும் பந்தியுமாகக் காலம் ஓடிவிட்டது.

அதனால் குழுவின் வரலாறு அவருக்கு வெறும் கற்பனை இல்லை. இரண்டு விரலுக்குப் பதில் நாலு விரல் எழுந்திருந்தால் அதுதான் நடந்திருக்கும். அதையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

மறுநாளிலிருந்து 'சும்மா ஒரு ஆள்' சும்மா இருக்கவில்லை. ஜமக்காளம் இப்போது தோற்பது நம்பும்படி இல்லை என்று எழுதினார். மலைக்கு வயதாகிவிட்டது, முட்டி போய்விட்டது என்று எழுதினார். மலையின் முட்டி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவன் கேட்டான். குழுவில் இருந்த பல் டாக்டர் ஒருவர், "மலை பாவம், ஒரு தடவை குடுத்துடலாமே" என்று தானம் செய்தார். தராசு எழுதிய பதில்தான் உச்சம்: "நண்பரே, உங்களுக்கு ஜமக்காளத்தின் குணம் தெரியவில்லை. அவரைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்."

ஜமக்காளத்துக்கு வந்த ஆத்திரத்தில் போனை டயர் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருப்பார். தவணை முடியாத போன் என்பதால் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல மச்சான் மலை தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சாப்பிட்டு முடித்து முன்னறை சோபாவில் சாய்ந்தார். சோபா ஒரு தடவை முனகியது. ஜமக்காளம் சமையலறைத் தொட்டியில் கை கழுவிவிட்டு, ஈரக் கையோடு கடைசி முயற்சியாகக் குழுவில் எழுதினார். "ஜமக்காளம் ஒருமுறை ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தது நீங்கள்தானே. இப்போது ஏன் இந்தக் கொலைவெறி?"

பதில் மெதுவாக வந்தது. "அது நானாகக் கற்பனை செய்தது இல்லை. அன்றைக்கு அவர் இடது தோள் நிஜமாகவே எழுந்தது. யாருக்கும் தெரியாது."

ஜமக்காளம் அதை இரண்டு தடவை படித்தார். இடது தோள். பிறகு தலையை நீட்டி முன்னறையைப் பார்த்தார். மச்சான் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தார்.

"தராசு" என்று ஜமக்காளம் கூப்பிட்டார்.

மச்சான் நிமிர்ந்தார். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை போல. "சும்மா ஒரு ஆள் நீதானா? நினைச்சேன். என் முட்டியைப் பத்தி இவ்வளவு அக்கறை வேற யாருக்கு இருக்கும்" என்றார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என்ன தராசு? என்ன முட்டி?"

இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அண்ணன்தான் சொன்னார், தோள் எழுந்ததையும் தான் அமுக்கியதையும். அவள் கேட்டுவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "அப்ப நிஜமாவே தோத்தீங்களா?" என்றாள். கேலி இல்லை. இத்தனை காலம் தான் சொன்ன ஆறுதல் எங்கே போய் விழுந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவருக்கு வலித்தது.

"அந்த போட்டோவைத் தினமும் பாக்கறேன் மாப்ள. நீ தூக்கினது அதுல தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார் மச்சான். "உன்கிட்ட வந்து எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறது? அதான், எழுதியாவது உனக்குக் குடுத்துடலாம்னு பாத்தேன்."

"குடுத்ததை எதுக்கு இப்ப பிடுங்கறீங்க?"

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தனை வருஷம் உன்னையே ஜெயிக்க வெக்கறது? நான் எழுதற கதையில நான் சாம்பியன் இல்ல. கை அரிக்குதுப்பா."

ஜமக்காளத்துக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. நிஜத்திலும் ஜெயித்து, பொய்யிலும் ஜெயிக்காமல் தூக்கம் வராத ஒரு மனிதனை என்ன செய்வது? டீப்பாயை ஓரமாக இழுத்தார். கையில் இருந்த போனைச் சோபாவில் எறிந்தார். தரையில் மல்லாந்து படுத்தார்.

"வாங்க. மேல விழுங்க."

"மாப்ள, இப்பத்தான் சாப்பிட்டேன்."

"நாலு விரல் எழும்பியிருக்குமா எழும்பியிருக்காதா, எனக்கு அது தெரியணும். எழும்பலைன்னா ராத்திரிக்கு நீங்களே சாம்பியன்னு எழுதிக்குங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். அன்னிக்கு அமுக்கின மாதிரியே அமுக்கணும்." மனைவியைப் பார்த்தார். "நீ எண்ணு."

"ரெண்டு பேருக்கும் மூளை கழண்டுபோச்சு" என்றாள். ஆனாலும் குனிந்து உட்கார்ந்தாள்.

மச்சான் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, குறுக்காக மேலே சாய்ந்தார். கனம் அப்படியே இருந்தது. ஜமக்காளத்துக்கு மூச்சு முட்டியது. அவள் தரையில் தட்டினாள். ஒண்ணு. ரெண்டு. அவர் இருக்கிற பலத்தையெல்லாம் இடது தோளுக்குக் கொண்டுவந்து தூக்கினார்.

எழுந்தது. நாலு விரல் என்ன, ஒரு சாண் எழுந்தது.

"போதுமா? ஜெயிச்சாச்சு. எழுந்திரிங்க" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது.

அவர் எழவில்லை. "விட்டுட்டீங்க" என்றார்.

"இல்ல மாப்ள."

"விட்டுட்டீங்க மச்சான். நெஞ்சு தளர்ந்துச்சு, எனக்குத் தெரிஞ்சுது."

"சத்தியமா இல்ல. வயசாயிடுச்சு, தெம்பு இல்ல. அவ்வளவுதான்."

அந்த முகத்தை அவர் கிட்டத்தில் பார்த்தார். உடையாத கால் உடைந்ததாக அரங்கம் முழுக்க நம்பும்படி அழுத முகம் அது. அதில் எதைத் தேடிக் கண்டுபிடிப்பது?

"மறுபடியும்" என்றார்.

மச்சான் பெருமூச்சு விட்டார். கையை ஊன்றி, முட்டியை மடக்கி, மறுபடி அவர் மேல் சாய்ந்தார். ரிங்கில் இறங்குமுன் கூட்டாளியிடம் கேட்டுக் கேட்டு ஊறிப்போன பழக்கத்தில், காதோரம் குனிந்து மெதுவாக, அன்பாகவே கேட்டார்.

"சரி மாப்ள. இந்தத் தடவை எப்படி முடிக்கணும்?"