பின்பக்க ஃபேன்

மேசையை எந்த அறைக்குத் தள்ளுவது என்று மைத்துனன் கேட்டபோது, அவர் மேசைக்கு அடியில் குனிந்து எந்த வயர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது. அது வந்து சேர்வதற்குள் முன்னறையைக் காலி செய்தாக வேண்டும். நேற்று மத்தியானம் சமையலறையில் விழுந்த அவர் மனைவி, ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே கிடந்து, விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். அவளைக் கிடத்த வீட்டில் இருக்கிற பெரிய இடம் அவள் உட்கார்ந்து வேலை பார்த்த இந்த முன்னறைதான்.

"மாமா, மொதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துங்க. மாவு மில்லுல நிக்கிற மாதிரி இருக்கு" என்றான் மைத்துனன்.

சத்தம் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து வந்தது. அவள் கடைசியாகச் சேர்த்துக் கட்டியது. நேற்றுக் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஓர் உயிர் ஊசலாடும்போது எவன் போய் கம்ப்யூட்டரை அணைப்பான்? யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு நல்ல பெயர். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள், கட்டட வரைபடம் போடுகிறவர்கள், ராப்பகலாக வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்கள் எல்லாரும் பெட்டியை அவளிடம்தான் கட்டச் சொல்வார்கள். கடையில் வாங்கினால் ஒரு வருஷத்தில் கொதித்துப்போய் நிற்கும், இந்தம்மா கட்டினால் நிற்காது என்று பேச்சு. அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "என் பொட்டி சூடாகுதுன்னு ஒருத்தன் திரும்பி வந்தா, அன்னைக்கே ஸ்குரூ டிரைவரைக் கீழ வெச்சிடுறேன்" என்பாள். பதினாறு வருஷத்தில் ஒருத்தனும் வரவில்லை.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சாயங்காலங்களில் அவளுக்கு டார்ச் அடித்துப் பிடிப்பார். அந்த வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று திட்டு வாங்குவார். திட்டிக்கொண்டே சொல்லியும் கொடுப்பாள். "உங்க பஸ் ரேடியேட்டர் மாதிரிதாங்க. முன்பக்க ஃபேன் உள்ள இழுக்கணும், பின்பக்க ஃபேன் வெளிய தள்ளணும். வந்த காத்து போகணும்ல? விருந்தாளி வந்துக்கிட்டே இருந்து ஒருத்தனும் கெளம்பலைன்னா வீடு என்னத்துக்கு ஆகும்?"

பெட்டியைக் கட்டி முடித்ததும் ஒரு நாள் முழுக்க அதைச் சக்கையாகப் பிழிவாள். கனமான வேலையைக் கொடுத்து ஓடவிட்டு, பின்பக்கக் கம்பி வலைக்கு மேலே டிஷ்யூ காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டுவாள். காகிதம் வெளிப்பக்கம் பறந்தால் சூடு போகிறது என்று அர்த்தம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு கண் அதைப் பார்த்துக்கொள்வாள்.

அவருக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும் வரும் என்றுதான் காலையிலிருந்து இருந்தார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். டீ கொடுத்தார்கள், குடித்தார். ஸ்டுடியோக்காரர், இந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர், வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பொட்டிக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க, இப்படியே இருந்தாக்கூடக் குடுங்க, அம்மா கை பட்டது" என்றபோது, சரிங்க என்றார். கைகால் எல்லாம் வேறு யாருடையதோ போல அது அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டி திடீரென்று அணைந்தது. அறை அமைதியானது. கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் பெற்று மறுபடியும் கத்த ஆரம்பித்தது.

"இது என்ன, தானா அணையுது, தானா எரியுது?" என்றான் மைத்துனன்.

"சூடாயிருக்கும் மாப்ளே. தாங்கலைன்னா அதுவே அணைஞ்சுக்கும்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவள் கட்டின பெட்டி சூடாகாதே. மேசைக்கு அடியிலிருந்து எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். டிஷ்யூ துண்டு பறக்கவில்லை. கம்பி வலையோடு அப்பளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்து விட்டார். மறுபடி போய் ஒட்டிக்கொண்டது.

பின்பக்க ஃபேனும் காற்றை உள்ளேதான் இழுத்துக்கொண்டிருந்தது. முன்னாலும் உள்ளே, பின்னாலும் உள்ளே. ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்தாள்.

நேற்று டாக்டர் கேட்டது ஞாபகம் வந்தது. காலையிலிருந்து ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா, கை மரத்துப்போச்சுன்னாங்களா, பேச்சு குழறிச்சா, சொல்லிக்கிட்டிருந்ததை மறந்தாங்களா? அவர் விடியும் முன்பே பஸ் எடுக்கப் போய்விட்டார். வீட்டில் அவளோடு இருந்தது மகள் மட்டும்தான். கல்லூரி விடுமுறை. டாக்டர் முன்னால் மகள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "நல்லாத்தான் இருந்தாங்க. வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க." அதற்கப்புறம் துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் அதையேதான் கேட்டார்கள். மகளும் அதையேதான் சொன்னாள்.

நல்லா இல்லை. காலையில் ஃபேன் மாட்டும்போதே அவள் நல்லா இல்லை. மாட்டியது மட்டுமா, டிஷ்யூவையும் தன் கையால் ஒட்டி, அது உள்ளே ஒட்டிக்கொண்டதைப் பார்த்தும் அவளுக்குப் புரியவில்லை. மத்தியானம்வரை எவ்வளவோ நேரம் இருந்தது. பக்கத்து அறையில் பெண் இருந்தாள். ஆஸ்பத்திரியும் அவர் பஸ் ஓட்டுகிற வழியில்தான் இருந்தது.

மகளுக்கு இந்த வேலை தெரியும். அம்மாவிடம் கற்றது. ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் ஆயுசுக்கும் அதை நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிவாள். மரத்துக் கிடந்த மனுஷனுக்கு அந்த ஒரு பயம் மட்டும் துல்லியமாக வந்தது.

"மாப்ளே, நாற்காலியெல்லாம் வெளிய போடு. மேசையை நான் பார்த்துக்கிறேன்."

பிளக்கைப் பிடுங்கினார். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். அடுப்பு மூடியைத் திறந்ததுபோல் முகத்தில் அனல் அடித்தது. அவளுடைய ஸ்குரூ டிரைவர் மேசையிலேயே கிடந்தது. நான்கு ஸ்குரூவையும் கழற்றி, ஃபேனைத் திருப்பி, வயர் மாட்டிக்கொள்ளாமல் ஒதுக்கி, மறுபடி முறுக்குவதற்குள் அவருக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. ஒரு ஸ்குரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. டார்ச் பிடித்துப் பழகிய கைக்கு அவ்வளவுதான் முடியும். தகட்டை மூடி, பிளக்கைச் சொருகி, பெட்டியை ஓடவிட்டார். டிஷ்யூ வெளிப்பக்கம் எழும்பிப் பறந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

மகள் கதவருகே நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. தலை வாரவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. தூசி தட்டிட்டு அந்தப் பக்கம் நகர்த்தலாம்னு."

அவள் பெட்டிக்குப் பின்னால் போனாள். பறக்கிற காகிதத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அவர் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்தாள்.

"ஃபேனை நீங்களா திருப்புனீங்க?"

திரும்பியிருந்ததைப் பார்க்காதவள் அப்படிக் கேட்கமாட்டாள்.

"நேத்து காலைலயே பார்த்தேம்பா" என்றாள் மகள். குரல் தட்டையாக இருந்தது. "பெரிய இவங்க மாதிரிப் பேசுவாங்களே, இன்னைக்கு மாட்டுனாங்கடான்னு நெனச்சேன். சாயங்காலம் நீங்க வந்ததும் உங்க முன்னாடி வெச்சு அம்மாவைக் கிண்டல் பண்ணலாம்னு, சொல்லாம இருந்துட்டேன். ரூம்ல போய் உட்கார்ந்து சிரிச்சேம்பா."

வெளியே மைத்துனன் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவர் ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தார்.

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? அம்மா போன மாசம் ஒண்ணையும் இப்படித்தான் மாட்டினா."

மகள் நிமிர்ந்தாள். "அம்மாவா?"

"ஆனைக்கும் அடி சறுக்கும்ல. அந்த மருந்துக் கடைக்காரர் பொட்டி. சூடாகுதுன்னு திரும்பத் தூக்கிட்டு வந்துட்டாரு. நீ காலேஜ் போயிருந்தே. உட்கார்ந்து மாத்திக் குடுத்தா."

"நீங்க சொல்லவே இல்லையே."

"சொன்னா அவ என்னை வீட்டுல சேர்ப்பாளா?"

அவள் முகத்தில் ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கி உட்கார்ந்ததுபோல் இருந்தது. நம்பினாளா, நம்ப ஆசைப்பட்டாளா, அவருக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் போதும் என்று தோன்றியது.

மைத்துனன் நாற்காலியோடு வாசலில் நின்றுவிட்டான். எல்லாம் கேட்டிருக்கிறது. "அக்கா கட்டின பொட்டியா? திரும்பி வந்துச்சா? இருக்காதே மாமா. அக்கா அப்படி மாட்டவே மாட்டாளே. ஊரெல்லாம் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கு."

மகள் மாமனைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"வந்துச்சு" என்றார் அவர். "ஒண்ணு இல்ல, ரெண்டு வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா, நானும் சொல்லல. வயசாகுதுல்ல மாப்ளே, கண்ணும் கையும் முன்ன மாதிரியா இருக்கும்?"

அவன் நாற்காலியைக் கீழே வைத்தான். "பாவம் அக்கா" என்றான். குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது.

தெருவில் வண்டி வந்து நின்றது. பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று பேருமாக மேசையை அவசரமாகத் தூக்கி உள்ளறையில் போட்டார்கள். ஜன்னலை யாரோ திறந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

டிரைவரும் இன்னொரு ஆளும் அவளை வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டு, "வீட்டு ஆளுங்க புடிங்க. தலைப்பக்கம் யாரு, வீட்டுக்காரரா?" என்று கேட்டார்கள்.

"நீ புடி மாப்ளே" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் கால்பக்கம் போய் நின்றுகொண்டார்.