காப்பர் ஃபில்டர்

ரகசியப் போர் விமானத் திட்டத்துக்கு 'இடிமுழக்கம்' என்று பெயர் வைக்கும் எழுத்தாளர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிஜத்தில் அப்படி வைக்க மாட்டார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இங்கிலீஷ் சொற்கள், எல்லாம் கேப்பிடல் எழுத்தில். விமானத்தைப் பற்றி அவை ஒரு துப்பும் கொடுக்கக் கூடாது.

அதனால் என் தொடர்கதையில் வரும் விமானத்துக்கு 'காப்பர் ஃபில்டர்' என்று வைத்தேன். மூன்றாவது அத்தியாயம் வெளிவந்த வாரம், மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் ஓர் அடையாள அட்டையைக் காட்டி, நான் படிப்பதற்குள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இந்தப் பேரை யார் சார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. நானா வெச்சேன்."

"எப்படி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "காப்பி குடிச்சிண்டே எழுதினேன். எதிர்ல ஃபில்டர் இருந்தது. போறுமா?"

அவர் எழுந்துபோய்ச் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தார்.

"அது எவர்சில்வர் ஃபில்டர் ஆச்சே. காப்பர் எங்கேர்ந்து வந்தது?"

"சம்பந்தமில்லாத சொல்லா தேடினேன்."

"நாங்களும் அப்படித்தான் சார் தேடினோம்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி சுப்புலக்ஷ்மி குரல் கொடுத்தாள்: "வந்தவாளுக்குக் காப்பி கலக்கட்டுமா?"

"எங்களுக்கு வேண்டாம்மா" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க குடிச்சிட்டு வாங்க சார். வண்டி கீழே நிக்குது."