பதுருன்னிசா பழவேற்காடு போன பகல்

“அத்தாவ எழுப்பாத,” என்றாள் பதுருன்னிசா. வாயில் இரண்டு ஊக்குகளைக் கவ்விக்கொண்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு மெஹ்னாஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இரவு முழுக்க அத்தாவின் கட்டிலருகே விழித்திருந்து, விடியும் முன் அம்மாவை எழுப்பி உட்காரவைத்துவிட்டுப் படுத்தவள் அவள். கண் அசந்து எழுந்து வருவதற்குள் அம்மா பெருநாளுக்கு எடுத்த புது புர்காவில் இருந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“பழவேற்காட்டுக்கு.”

“வரலன்னு நேத்தே ராமசெல்வி அக்காவாண்ட சொல்லிட்டியே.”

“இன்னிக்கு காலைல கூப்ட்டு, வரேன்னு சொல்லிட்டேன்.”

மேல் மாடி வீட்டு ராமசெல்விதான் வருடா வருடம் தெருப் பெண்களைச் சேர்த்து வேன் பிடிப்பவள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற மாதிரி எங்கேயாவது ஓர் ஊர். இந்த வருடம் பழவேற்காடு. டச்சுக்காரன் கட்டி இடிந்துபோன கோட்டை, அவனுடைய பழைய கல்லறைகள், ஏரியில் படகு, மதியம் மீன் சாப்பாடு. பதுருன்னிசா ஒரு தடவையும் போனதில்லை. முன்பெல்லாம் கணவர், மெஹ்னாஸின் அத்தா சௌக்கத் அலி விடமாட்டார். வாதம் வந்து படுத்த பிறகு அவரை விட்டு நகர முடியவில்லை. தண்டையார்பேட்டை மார்க்கெட் வரை போனாலும் “பதுரு, பதுரு” என்று கூப்பிட்டபடியே இருப்பார். பாசமும் இல்லை, பெரிதாகத் தேவையும் இருக்காது. லாரி பின்னால் எடுக்கும்போது அடிக்கிற மணி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் அந்தச் சத்தம் நின்றது.

“இந்த நெலமைல அவர வுட்டுட்டு நீ போட்ல போவப் போறியா? தெருவுல காறித் துப்புவாங்கம்மா.”

பதுருன்னிசா ஊக்கைக் குத்தினாள்.

மெஹ்னாஸ் கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துவிடக் குனிந்தாள். கை அத்தாவின் பாதத்தில் பட்டது. மொசைக் தரையைத் தொட்டது போலிருந்தது. முகத்தைப் பார்த்தாள். வாய் பாதி திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததில் போர்வையின் ஓரம் மட்டும் ஆடியது.

“அம்மா.”

“சத்தம் போடாத.”

“அம்மா, அத்தா...”

“விடிகாலைல சுபுஹு பாங்கு சொல்லச்சொல்லவே மூச்சு நின்னுபோச்சு. மூக்காண்ட கைய வெச்சுப் பாத்தேன். கலிமா சொல்லிக் கண்ண மூடிட்டேன்.” அம்மா கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. “தாடையக் கட்டல. கட்டுனா தெரிஞ்சுபூடும்.”

ஒரு சாவு விழுந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தாடையைக் கட்ட வேண்டும், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும், பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், தாமதிக்காமல் மண்ணில் வைக்க வேண்டும். அம்மா அதில் ஒன்றையும் செய்யாமல் முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள்.

“பாவம்மா இது. மய்யித்த வூட்ல வெச்சிகினு...”

“தெரியும்.” இப்போதுதான் திரும்பினாள். கண் சிவந்திருக்கவில்லை, வீங்கியிருக்கவும் இல்லை. “பள்ளிக்குச் சொன்னா இந்த நிமிசத்துலருந்து எனக்கு இத்தா. நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டக்கூடாது. அது முடிஞ்ச ஒடனே வசீம் வந்து வூட்டக் காலி பண்ணி, என்னை வாணியம்பாடில அவன் மாமியா வூட்டாண்ட கொண்டுபோய்ப் போட்டுடுவான். பேசி முடிச்சிட்டான். உனக்கும் தெரியும்.”

தெரியும். தம்பி வசீம் சவூதியில் தம்மாமிலிருந்து போன மாதமே வீட்டு உரிமையாளரிடம் பேசிவிட்டான்.

“அதுக்கு?”

“எனக்கு ஒரு பகலு வேணும். யாரும் கூப்டாத ஒரு பகலு. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள வந்துர்றேன். வந்து நானே சொல்றேன்.”

“அல்லாவாண்ட இன்னா சொல்லுவ?”

“அது எனக்கும் அவனுக்கும். நீ உன் வாயத் தொறந்தா நான் போவமாட்டேன். தொறக்கலன்னா போறேன். உன் இஷ்டம்.”

கீழே வேன் ஹாரன் அடித்தது. படியில் ராமசெல்வியின் செருப்புச் சத்தம். அவள் கதவைத் தட்டுகிற பழக்கமில்லாதவள்.

“யக்கா, ரெடியா? டிரைவர் ஃப்ரெடி அங்க குதிச்சிகினு கீறான். வள்ளூர்ல பவர் ஹவுஸ் சாம்ப லாரிங்க ரோட்ல இறங்கறதுக்குள்ள தாண்டணுமாம்.” உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். “பெருசு இன்னா பண்றாரு? கண்ணு தொறந்தாரா?”

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். யாரையும் பார்க்கவில்லை. ராமசெல்வி மெஹ்னாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூங்குறாருக்கா,” என்றாள் மெஹ்னாஸ்.

வேன் திரும்புகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதற்கப்புறம் துறைமுகத்துக்குக் காத்துக்கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல்தான்.

மெஹ்னாஸ் கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தப் போய், சாத்தினால் சந்தேகம் வருமென்று பாதி திறந்து வைத்தாள். ஊதுபத்தி கொளுத்தினாள். அதுவும் சாவு வீட்டு வாசனையாக இருக்கவே அணைத்துவிட்டுச் சாம்பிராணி போட்டாள். பிறகு, செய்ய ஒன்றுமில்லாமல், தினமும் செய்வதையே செய்தாள். ஈரத்துணியால் அத்தாவின் முகத்தைத் துடைத்தாள். தலையணையைத் திருப்பிப் போட்டாள். “இந்தப் பக்கம் சாய்ங்கத்தா” என்று வாய் தன்னாலே சொல்லிவிட்டது. சொன்னபின் சிறிது நேரம் பதிலுக்குக் காத்திருந்தது போல நின்றாள். காத்திருந்ததை உணர்ந்ததும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெயில் ஏறியபோது சுஹைப் பாய் வந்தார். அத்தாவோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கிரேன் வந்தபின் சேர்ந்தே வேலையிழந்தவர். தினம் ஒருமுறை வந்து யாசீன் ஓதிவிட்டுப் போவார். அவரை உள்ளே விடாமல் இருக்க ஒரு காரணமும் அவளுக்குத் தோன்றவில்லை.

“அம்மா எங்கம்மா?”

“வெளிய போயிருக்காங்க மாமு. இப்ப வந்துருவாங்க.”

“போவட்டும் போவட்டும். அதுவும் மனுசிதானே.”

கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓதத் தொடங்கினார். இறக்கும் தறுவாயில் இருப்பவனுக்கு உயிர் லேசாகப் பிரிய ஓதுவது அது. மெஹ்னாஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓதி முடித்து மக்கா ஜம்ஜம் தண்ணீரை ஒரு ஸ்பூன் எடுத்து, திறந்திருந்த வாயில் மெல்ல விட்டார். குனிந்து பார்த்தார்.

“எறங்குது,” என்றார். “நேத்து வெளியே வழிஞ்சுது. இன்னிக்கு எறங்குது பாரு. சௌக்கத்து கெட்டி ஆளும்மா, லேசுல போவமாட்டான்.”

அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, தலையணையைத் தடவிப் பார்த்தாள். தாடைக்குக் கீழே, கழுத்து மடிப்பில், காதோரம். ஈரமே இல்லை.

பீரோவில் கைக்கண்ணாடி ஒன்று இருந்தது. மூக்கருகே பிடித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். எடுக்கவில்லை. உயிர் இருந்தால் ஒரு விதமான பயம், இல்லாவிட்டால் இன்னொரு விதம். இரண்டில் எது பெரிது என்று அளக்க அவள் தயாராக இல்லை.

மதியம் வசீம் போன் செய்தான்.

“அத்தா எப்டி கீறாரு?”

“அப்டியேதான்.”

“அம்மாகிட்ட குடு.”

“குளிக்குது.”

“டிக்கெட்டுக்கு சொல்லி வெச்சிருக்கேன். ஏதாவதுன்னா ஒடனே சொல்லணும், மறைக்கக்கூடாது, இன்னா?” கொஞ்சம் நிறுத்தினான். “ஏய், அத்தா பேச ஆரம்பிச்சிட்டாரா?”

“இன்னாடா ஒளர்ற?”

“பதுருன்னு கூப்டுறாரே. காதுல வுழுது. போ, போய் இன்னான்னு கேளு.”

மெஹ்னாஸ் கட்டிலுக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஃபேன் ஓடிற்று. வெளியே யாரோ பிரேக் அடித்தார்கள். அத்தாவின் வாய் காலையில் இருந்தபடியே பாதி திறந்திருந்தது.

“டீவிடா,” என்று சொல்லி போனை வைத்தாள். டீவி அந்த வீட்டில் போன மழையோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு அவள் அந்த அறையில் உட்காரவில்லை. படிக்கட்டில், கதவைத் திறந்து வைத்து, முதுகை உள்பக்கம் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கைப்பிடிச் சுவரில் நிலக்கரித் தூசி படிந்திருந்தது. விரலால் அதைத் துடைப்பதும், துடைத்த இடம் மறுபடி மங்குவதைப் பார்ப்பதுமாகப் பொழுது போயிற்று.

அஸர் பாங்குக்குச் சற்று முன் வேன் வந்தது. தெருமுனையிலிருந்தே பெண்களின் சிரிப்பு. பதுருன்னிசா கடைசியாக இறங்கினாள். வெயிலில் முகம் கறுத்து, புர்காவின் விளிம்பு முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் பாலித்தீன் பையில் கருவாடு.

படியேறி வந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். யாரும் வந்தார்களா, என்ன கேட்டார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை. மெஹ்னாஸும் சொல்லவில்லை.

“இன்னா இருந்துச்சு அங்க?”

“ஒன்னுமில்ல. செங்கல்லு. முள்ளு. கோட்டன்னு சொல்ற எடத்துல ஆடு மேயுது.” கருவாட்டை அடுப்படி ஆணியில் மாட்டினாள். “கல்லறையில எலும்புக்கூடு செதுக்கி வெச்சிகீறான். ராமசெல்வி அதுங்கூட நின்னு போட்டோ எடுத்துகினா. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு.”

“நல்லா இருந்துச்சா?”

“ம்.”

குளியலறைக்குப் போனாள். நெடுநேரம் தண்ணீர் விழும் சத்தம். வெளியே வந்தபோது வெள்ளைப் புடவையில் இருந்தாள். கையில், காதில், கழுத்தில் ஒன்றுமில்லை. தாடையையும் கால் விரல்களையும் அவளே கட்டினாள். கட்டிவிட்டுச் சுவரோரம் பாய் விரித்து உட்கார்ந்தாள்.

“இப்ப பள்ளிக்குப் போன் போடு.”

அரைமணியில் வீடு நிறைந்துவிட்டது. ராமசெல்வி ஓடிவந்து, “நாங்க வந்து எறங்கறவரைக்கும் வெயிட் பண்ணிகீறாருடி மனுசன்! யக்கா மொகத்தப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு!” என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். தெருப் பெண்கள் அதையே வாங்கி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சுஹைப் பாய் மூலையில் நின்று, ஸ்பூனைப் பிடிப்பது போல விரலைக் குவித்து, காலையில் தண்ணீர் இறங்கியதை யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார்.

பின்பக்க வராந்தாவில் வேட்டிகளைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டப் பள்ளியிலிருந்து முதியவர் ஒருவர் வந்தார். மெஹ்னாஸ் அடுப்படியிலிருந்து வெந்நீர் கொண்டுபோய் மறைப்புக்கு இந்தப் பக்கம் வைத்தாள். அவர் கை மட்டும் வெளியே வந்து குடத்தை வாங்கிற்று.

“மவளா நீ?”

“ஆமா.”

“அழாதம்மா. லேசான மவுத்து. இப்பதான் போயிருக்காரு. ஒடம்புல இன்னும் சூடு கீது. கையு காலு எல்லாம் பஞ்சு மாதிரி மடங்குது. நேரம் ஆயிருந்தா கட்ட மாதிரி ஆயிடும், நாங்க படாதபாடு படணும். கடைசி மூச்சு வரைக்கும் கூடவே இருந்தியா?”

மறைப்புக்கு அந்தப் பக்கம் முதல் செம்புத் தண்ணீர் விழுந்தது. மெஹ்னாஸ் மறைப்பிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். திரும்பினால் அடுப்படி வாசலில் வெள்ளைப் புடவையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“இன்னா சொல்றாரு?” என்று கேட்டாள் பதுருன்னிசா.

“இன்னொரு குடம் வெந்நி வேணுமாம்.”

பதுருன்னிசா தலையாட்டினாள். அண்டாவை இழுத்து அடுப்பில் வைத்தாள். மெஹ்னாஸ் தீக்குச்சி கிழித்தாள். தண்ணீரின் அடியில் முதல் குமிழி கிளம்பும்வரை இருவரும் அண்டாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.