தங்கை பார்த்துவிட்டுப் போன வீடு

தங்கைக்காரி இரண்டாவது வீட்டையும் வாங்கி வாடகைக்கு விட்ட நாளிலிருந்து அக்காக்காரிக்குச் சாப்பிட்டது செரிக்கவில்லை. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள் அவள். வாய் திறக்கிறவர்களை நாள் முழுக்கப் பார்த்தும் அலுக்காதவளுக்கு, தங்கை வாய் திறந்தால் மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கும் அப்படித்தான். உறவுக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் யாரோ கேட்டார்கள் என்று தங்கை ஆரம்பித்துவிட்டாள்.

"முதல் தடவை வீடு வாங்கறவங்க புரோக்கரை மட்டும் நம்பக் கூடாது. தனியா இன்னொரு தடவை போங்க. எல்லாக் குழாயையும் ஒண்ணாத் திறந்து விடுங்க. கீழ் வீட்டுல பேச்சுக் குடுங்க. முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்கன்னு கேளுங்க. முக்கியமா, அவசரப்படாதீங்க."

சித்தப்பாகூடத் தலையாட்டினார். அக்கா ஜடை பின்னிவிட்டால்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று அடம்பிடித்தவள், இன்றைக்குச் சபையில் பாடம் நடத்துகிறாள்! அக்காக்காரி காதில் விழாதவள் மாதிரி தட்டுகளை அடுக்கினாள். ஆனால் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை.

காரணம் இருந்தது. மாடியில் இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டை அவளும் பார்த்து வைத்திருந்தாள். அவளும் கணவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அதில் போகப்போகிறது. வாங்கி முடித்த பிறகுதான் தங்கைக்குத் தெரிய வேண்டும். கணவரிடம் மூச்சு விடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள்.

புரோக்கரிடம் சாவி வாங்கிக்கொண்டு தனியாகப் போய் எல்லாக் குழாய்களையும் திறந்தாள். தண்ணீர் நன்றாகத்தான் கொட்டியது. சத்தம் கேட்டுக் கீழ் வீட்டு அம்மாள் மேலே வந்தார்.

"போன வாரம் ஒரு பொண்ணு வந்து இப்படித்தான் எல்லாத்தையும் திறந்து விட்டுச்சு. உங்க ஜாடை அப்படியே இருந்துச்சும்மா."

அக்காக்காரிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அடிப்பாவி, இரண்டு போதாதென்று இதிலும் கண் வைத்துவிட்டாளா?

"அதுகிட்ட சொன்னதை உங்ககிட்டயும் சொல்லிடறேன், கேளுங்க..." என்று அந்த அம்மாள் தொடங்கினார். கேட்க யார் இருந்தார்கள்? அக்காக்காரி பாதிப் படியில் நின்று புரோக்கருக்கு போன் செய்துகொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே அட்வான்ஸ் கை மாறியது.

மறுநாள் தங்கை வீட்டுக்கே போய்ச் சொன்னாள். "நீ பார்த்துட்டு வந்தியே, அந்த வீடு. அட்வான்ஸ் குடுத்தாச்சு."

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்க்கத்தானே வந்தாள், ஒரு நிமிடம் மனம் குளிர்ந்துபோனாள்.

"ஐயோ அக்கா, நான் எனக்காகவா போனேன்? அத்தான் வாய் தவறிச் சொல்லிட்டார். நீயா என்னைக் கேக்க மாட்டே, அதான் உனக்காகப் போய்ப் பார்த்தேன். மழை பெய்ஞ்சா மொட்டை மாடித் தண்ணி மொத்தமும் கூரை வழியா அந்த வீட்டுக்குள்ளதான் ஒழுகுதாம். குடிவந்த யாருமே நிலைக்கலையாம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்தேன். சொன்னா நீ தப்பா எடுத்துப்பே."

தங்கை அதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"பத்திரம் இன்னும் பதியலையே? புரோக்கர்கிட்ட நான் வந்து பேசறேன். அட்வான்ஸ்ல பாதியாவது வாங்கிடலாம். கிளம்பு."

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். தொண்டை வரை வந்தும்விட்டது. ஆனால் தங்கை முன்னால் நடக்க, தான் பின்னால் போய்க் கைகட்டி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இப்படி அக்கறையாகப் பேசுகிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுதான் வாங்கறேன். உன் வேலையைப் பாரு" என்று எழுந்தாள்.

வீட்டில் கணவர் ஆவலாகக் காத்திருந்தார். "என்ன சொன்னா?"

"என்னத்தைச் சொல்வா? ஒரே வயித்தெரிச்சல். வாங்காதேங்கறா."

அவர் சிரித்துவிட்டார். "அப்போ நல்ல வீடுதான். நாளைக்கே பத்திரத்தை முடிச்சிடலாம்."