இரண்டு கையிலும் இடி

எங்கள் தெருவில் மதுக்கடை வைத்திருக்கும் திமோலாஸ் மூச்சுக்கு மூச்சு சத்தியம் செய்கிறவன். "சியூஸ் மேல ஆணைண்ணே, ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல!" என்பான். ஆற்றில் மொண்டு வந்த ஈரம் அவன் முழங்கையிலிருந்து அப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும்.

அவன் மகன் லாமிஸ் மல்யுத்த வீரன். ஒலிம்பியா போட்டியில் இந்த முறை ஆலிவ் கிரீடம் அவனுக்குத்தான் என்று எங்கள் எலிஸ் நகரமே பேசியது. இடைஞ்சல் ஒன்றுதான். பத்து மாதம் விடாமல் பயிற்சி செய்தேன் என்று வீரன் சத்தியம் செய்ய வேண்டும். அப்பனும் கூடச் செய்ய வேண்டும். லாமிஸோ, அப்பன் கூரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, அந்த மாதம் முழுக்கப் பயிற்சியை விட்டுவிட்டு பார்லி அறுத்துக்கொண்டிருந்தான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மாடியிலிருந்து அவர்கள் வயல் தெரியும். அடுப்படியும் தெரியும், அது வேறு விஷயம்.

"சத்தியத்துக்கு என்ன பண்ணப்போற?" என்று திமோலாஸிடம் கேட்டே விட்டேன்.

"வாய்தானே, சொல்லிட்டுப் போறேன். நீ உன் வாய மூடிக்கிட்டிரு, போதும்."

"நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்?" மூன்று பேரிடம்தான் சொல்லியிருந்தேன்.

சத்தியம் செய்யும் நாளன்று ஒலிம்பியாவில், அது நடக்கும் மன்றத்தின் வாசலில் முண்டியடித்து முன்னால் நின்றேன். மற்ற இடங்களில் சியூஸ் ஒரு கையில்தான் இடியை ஏந்தியிருப்பார். பொய்ச்சத்தியக்காரர்களைத் தண்டிக்கவே நிற்கும் இந்தச் சியூஸ் சிலைக்கு இரண்டு கையிலும் இடி. காலடியில் வெட்டிப்போட்ட காட்டுப்பன்றி இறைச்சி ஆவி பறக்கக் கிடந்தது. அதன் மேல் கை வைத்துத்தான் சத்தியம் செய்ய வேண்டும்; அதை மனிதர் யாரும் தின்பதில்லை.

திமோலாஸை முதலில் கூப்பிட்டார்கள். இறைச்சி மேல் கையை வைத்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"தண்ணி கலக்கலன்னு சொல்லேன்டா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு கிளம்பியது; பாதியிலேயே செத்தது. திமோலாஸ் சிலையை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தான். விரலிடுக்கில் பன்றி ரத்தம் வழிந்தது.

"ஐயா," என்றான் நடுவரிடம். அது அவன் குரல் மாதிரியே இல்லை. "எனக்குக் கால் முறிஞ்சப்போ ஒரு மாசம் இவன் பயிற்சிக்குப் போகல. அறுப்புக்கு நான்தான் அனுப்பினேன்."

ஊதா அங்கி உடுத்திய நடுவர் லாமிஸைப் பார்த்தார். "நிஜமா?"

அடுத்ததாக அதே இறைச்சி மேல் கை வைக்க வேண்டியவன் அவன். நெடுமூச்சு விட்டான். "நிஜம்தாங்க."

"அப்ப நீ களத்துல இறங்க முடியாது."

மகன் அப்பனை அடிப்பான் என்றுதான் நான் நினைத்தேன். நன்றாகத் தெரியட்டும் என்று குதிகாலைக்கூட உயர்த்திக்கொண்டேன். லாமிஸ் போய், இறைச்சியில் ஒட்டியதுபோல் கிடந்த அப்பன் கையைத் தூக்கி, தன் மேலாடையால் துடைத்தான்.

"வாப்பா. கால் வலிக்கும், நின்னது போதும்."

நொண்டி நொண்டி வந்த மதுக்கடைக்காரனுக்குக் கூட்டம் தானாக வழிவிட்டது. நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பலிபீடத்துக்குத் தீ கொண்டுபோகும்போது ஒதுங்குவோமே, அப்படி.